ஓய்வு வீட்டின் அடுப்படி

கல்லூரி ஆசிரியைக்கு முகாம் என்றால் விடைத்தாள் திருத்தும் முகாம்தான். இருபது ஆண்டுகளில் நான் வேறு முகாம் பார்த்ததில்லை. எம்.ஏ.வில் என்னோடு படித்த தோழி ஒருத்தி ஜெர்மனியில் இருக்கிறாள். “ஆறு பேர், ஏழு நாள், இத்தாலியில ஒரு பண்ணை வீடு. யாரும் சமைக்க வேண்டாம். யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. நீயும் வாடி” என்று அவள் செய்தி அனுப்பியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக.

செய்தியோடு ஓர் அட்டவணையும் வந்தது. இடம் தெற்கு இத்தாலியின் புல்யா. மதில் சூழ்ந்த பழைய பண்ணை. அங்கே அதை மசேரியா என்பார்கள். சுண்ணாம்படித்த சுவர், சுற்றிலும் ஆலிவ் தோப்பு. காலை 7 மணிக்கு யோகா, 9 மணிக்கு உணவு, அப்புறம் மௌனம், மாலையில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல், இரவில் விளக்கணைத்து வானம் பார்த்தல். நடுவில் ஒரு மணி நேரத்தைக் ‘கவிதையும் மூச்சும்’ என்று எனக்கு ஒதுக்கியிருந்தாள். வரப்போகிறவர்களுக்கு அனுப்ப ஒரு பக்கம் எழுதித் தரும் பொறுப்பும் என்னுடையது. “நீதான் எழுதுறவ. அங்க வந்தா பொம்பளைங்களுக்கு என்ன கிடைக்கும்னு அழகா எழுதிக் கொடு.”

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான், பெண்கள் இத்தாலிக்கு இளைப்பாறப் போகும் கதைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். பக்கம் எழுதி முடியவில்லை. இந்தக் கட்டுரை வந்து நின்றது.

முதலில் எடுத்தது எலிசபெத் வான் ஆர்னிமின் ‘தி என்சான்டட் ஏப்ரல்’. 1922இல் வந்த நாவல். லண்டனில் பிப்ரவரி மழை நாளொன்றில், பெண்கள் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் லாட்டி வில்கின்ஸ் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறாள். மத்தியதரைக் கடலோரம் ஒரு சிறிய இத்தாலியக் கோட்டை ஏப்ரல் மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்கிறது அது. லாட்டியின் கணவர் வழக்கறிஞர், ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்ப்பவர். லாட்டியிடம் இருப்பது உடுப்புச் செலவுக்கென்று கிடைத்த பணத்தில் அவள் ஆண்டாண்டாக மிச்சம் பிடித்த 90 பவுண்டு. நம் அம்மாக்களின் கடுகு டப்பாக் காசுதான், அளவு மட்டும் பெரிது. கோட்டையின் வாடகை 60 பவுண்டு. லாட்டியும், ஏழைகளுக்குத் தொண்டு செய்தே களைத்துப்போன ரோஸ் ஆர்புத்நாட்டும், இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு 15 பவுண்டு போட்டுக் கிளம்புகிறார்கள். என் தோழியின் அட்டவணைக்கு நூறு வயதுக்கு மூத்த அக்கா இந்த நாவல்.

இந்தக் கதையை என் முதுகலை மாணவிகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லக் காரணம் உண்டு. களைத்த பெண்ணுக்குக் கதைகளில் இரண்டே கதிதான் வழக்கம்: பொறுத்துப் பெயர் வாங்குவது, அல்லது மீறி அழிந்துபோவது. லாட்டி இரண்டையும் செய்யவில்லை. போனாள், படுத்தாள், பூப்பார்த்தாள், அவளுக்கு நல்லது நடந்தது. ரோஸுக்கோ நல்லவளாக இருப்பதே முழுநேர வேலை. அதிலிருந்து அவளை ஒரு மாதம் விடுவித்துப் பார்க்கிறார் ஆசிரியர். ஓய்வைத் தண்டனை இல்லாமல் பெண்ணுக்குக் கொடுத்த கதை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கிறது.

ஆனால் இம்முறை கண் வேறிடத்தில் நின்றது. லாட்டியை மயக்கிய விளம்பரத்திலேயே, வேலையாட்கள் வீட்டோடு இருப்பார்கள் என்ற தகவலும் ஓரமாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் கதையே இல்லை. சமையலுக்குக் கொஸ்தான்ஸா, வீட்டு வேலைக்கு பிரான்செஸ்கா, தோட்டத்துக்கு தொமேனிகோ. நான்கு பெண்களும் எழுந்து வருவதற்குள் மேசை நிறைந்திருக்கிறது. யார் என்ன சொல்லிச் சமைக்கச் செய்வது, செலவு ஏன் கூடுகிறது என்பதில் அந்தக் கோட்டையில் முணுமுணுப்பு எழுகிறது. கொஸ்தான்ஸா எழுந்த நேரமோ, அவளுக்கு அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்பதோ கதையின் அக்கறையில் இல்லை. நான்கு பெண்களின் மனம் ஒவ்வொரு அங்குலமாகத் திறந்து காட்டப்படும் நாவல் இது. அடுப்படிக் கதவு மட்டும் சாத்தியே இருக்கிறது.

முடிவையும் கவனியுங்கள். லாட்டி மனமிளகிக் கணவரைத் தானே வரவழைக்கிறாள். ரோஸின் கணவரும் வந்து சேர்கிறார். அவர் தேடி வந்தது ரோஸை அல்ல, அழகி கரோலினை. இருந்தும் அந்தத் திருமணம் ஒட்டிக்கொள்கிறது. கரோலினுக்குக் கோட்டையின் உரிமையாளரே துணையாக அமையப் போகிறார். ஒரு மாத ஓய்வு பெண்களைத் தங்களிடம் கொண்டு சேர்த்ததைவிட, பழுது பார்த்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது என்றே எனக்குப் படுகிறது. இன்றைய நலவாழ்வு முகாம்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்கின்றன: புத்துணர்ச்சியோடு திரும்புங்கள். எதற்குத் திரும்புகிறோம் என்று அவை கேட்பதில்லை.

நாவல் வந்த அதே 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சியைப் பிடித்தான். அதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் பாசிசக் கும்பல்கள் தஸ்கனியிலும் புல்யாவிலும் இன்னும் பல இடங்களிலும் விவசாயக் கூலிகளின் சங்க அலுவலகங்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தன. இன்பக் கதை எழுதியவர் இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமைதியான நாட்டுப்புறம் என்று ஒன்று தானாக விளைந்து கிடப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்கச் சொல்கிறேன்.

அதே நாட்டின் கிராமத்தை அங்கேயே பிறந்த பெண் எழுதினால் எப்படி இருக்கும்? கிராட்சியா தெலெத்தா சார்தீனியத் தீவின் நுவோரோ ஊரில் 1871இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. 1926ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது; இலக்கியத்தில் அதைப் பெற்ற இரண்டாவது பெண். ‘காற்றில் நாணல்கள்’ என்று நாம் சொல்லக்கூடிய அவருடைய நாவல் 1913இல் வந்தது, அதாவது லாட்டியின் ஏப்ரலுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. நொடித்துப்போன உயர்குடியின் மூன்று சகோதரிகள், அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் துண்டு நிலம், அதை உழுது காக்கும் வேலைக்காரன் எஃபிக்ஸ். ஆண்டுக்கணக்கில் அவனுக்குக் கூலி பாக்கி. நாவல் தொடங்குவது அவனிடம், முடிவதும் அவனுடைய சாவில். வான் ஆர்னிம் விளம்பரத்தின் ஓரத்தில் விட்டுவைத்த ஆளைத் தெலெத்தா கதையின் நடுவில் உட்கார வைத்துவிட்டார்.

அதற்காகத் தெலெத்தாவையும் கேள்வியில்லாமல் ஏற்க முடியாது. எஃபிக்ஸ் பழைய குற்றம் ஒன்றின் பாரத்தில் எஜமானிகளுக்கு உயிருள்ளவரை உழைத்துக் கழிக்கிறான். கூலி கேட்காத விசுவாசம் எஜமானரின் கனவு. நம் பண்ணையார் கதைகளிலும் அந்த விசுவாசி வந்து கைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனாலும் தெலெத்தா ஒன்றை மறைக்கவில்லை: அந்த நிலத்தில் காய்ச்சல் இருந்தது. எஃபிக்ஸை வாட்டுவது மலேரியா. மலேரியா என்ற சொல்லே ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்தான். சார்தீனியாவில் 1946 முதல் 1950 வரை டி.டி.டி. மருந்தைத் தெளித்துத்தான் அதை ஒழித்தார்கள். இன்று அதே காற்றை மூச்சில் இழுக்க நாம் கட்டணம் கட்டுகிறோம். காற்று நல்லதானதில் மகிழ்ச்சிதான். ‘காலங்காலமாக உடலையும் மனதையும் ஆற்றிவரும் மண்’ என்று என் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக எடுத்தது பிரான்செஸ் மேய்ஸின் ‘அண்டர் தி டஸ்கன் சன்’. 1996இல் வந்தது. மேய்ஸ் கவிஞர், சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக ஆசிரியை. என்னைப் போன்ற ஒருத்தி என்று ஆசையோடு படித்தேன். தஸ்கனியின் கொர்த்தோனா ஊரில் பல காலம் ஆளில்லாமல் கிடந்த வீட்டை வாங்கிச் சீர்செய்யும் அனுபவம் அது. புத்தகத்தில் அவருக்குத் துணைவர் உண்டு. இருவரும் சேர்ந்தே கல் சுமக்கிறார்கள், செடி வெட்டுகிறார்கள். 2003இல் படமாக்கியபோது அந்தத் துணைவர் காணாமல் போனார். விவாகரத்தில் உடைந்த பெண் தனியாக வந்து ஒரு வீட்டால் குணமாவதாகக் கதை மாறியது. சந்தைக்கு வேண்டியது காயம்பட்ட தனிப் பெண். ஏனென்றால் அவள்தான் வாங்குவாள். போலந்திலிருந்து வந்து அந்த வீட்டைக் கட்டித்தரும் தொழிலாளர்கள் படத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஓர் இளைஞன் உள்ளூர்ப் பெண்ணைக் காதலித்ததும், அவர்களின் கூலியும் குடியேற்றமும் அந்தக் காதலுக்குள் கரைந்துபோகின்றன.

என்னை உறுத்தியது வேறொரு சொல்: கைவிடப்பட்ட வீடு. தஸ்கனியின் நாட்டுப்புறத்தில் இன்று விடுதிகளாகியிருக்கும் கல்வீடுகளில் ஏராளமானவை ஒருகாலத்தில் வாரக்குடிகளின் வீடுகள். மெத்ஸத்ரீயா என்பது அந்த முறையின் பெயர். நம்மூர்ப் பாதி வாரம் போன்றது. விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டது குடும்பம் முழுதும். கையெழுத்து மட்டும் குடும்பத் தலைவனுடையது. வீட்டில் யார் யாரைக் கல்யாணம் செய்வது என்பதற்குக்கூட நிலக்காரனிடம் கேட்க வேண்டியிருந்தது. கோழியும் முட்டையும் பண்டிகைதோறும் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். கோழி வளர்ப்பது பெண்ணின் வேலை. பண்ணைக் குடும்பத்தின் உழைப்பைக் கணக்கிட இத்தாலியில் ஒரு வாய்பாடு இருந்தது. வேளாண் பொருளியலாளர் அர்ரீகோ செர்பியேரியின் பெயரால் அது வழங்கியது. அதில் வளர்ந்த ஆண் 1. வளர்ந்த பெண் 0.6.

மாணவிகளே, இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வயலில் அறுத்துவிட்டு வந்து அடுப்பும் பிள்ளையும் கோழியும் பார்த்தவள் 0.6. அடுப்பும் பிள்ளையும் அந்த 0.6க்குள்ளும் சேரவில்லை.

1950களிலும் 60களிலும் அந்தக் குடும்பங்கள் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் போய்விட்டன. அதற்குப் பெண்கள் ஒரு பெரிய காரணம். வாரக்குடிக்கு வாழ்க்கைப்பட மாட்டோம் என்று இளம்பெண்கள் மறுத்தார்கள். மாமியாருக்கும் நிலக்காரனுக்கும் சேர்த்து உழைக்க அவர்கள் தயாராக இல்லை. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. குடும்பத் தொழிலில் பெண்ணின் உழைப்பும் ஆணின் உழைப்பும் சமம் என்று 1975இன் குடும்பச் சட்டத் திருத்தம் சொன்னது. பண்ணைகள் விருந்தினரைத் தங்கவைத்துச் சம்பாதிப்பதை முறைப்படுத்தும் தேசியச் சட்டம் 1985இல் வந்தது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ‘கைவிடப்பட்ட வீடு’ என்ற சொல் மாறிவிடுகிறது. அந்த வீடு பாவம் என்று கிடக்கவில்லை. அதிலிருந்து பெண்கள் தப்பித்துப் போயிருக்கிறார்கள். ஒரு தலைமுறைப் பெண்கள் எதிலிருந்து வெளியேறினார்களோ, அதற்குள் அடுத்த தலைமுறையின் வேறு நாட்டுப் பெண்கள் இளைப்பாறப் போகிறார்கள். தப்பித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வீட்டின் அழகை எப்படி எழுதுவது?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. என் தோழி வாடகைக்குப் பேசிய அதே புல்யாவில், 2015 ஜூலை 13 அன்று, அந்திரியா என்ற ஊரின் திராட்சைத் தோட்டத்தில் பவோலா கிளெமென்தே வேலை செய்துகொண்டிருந்தபோதே இறந்துபோனார். வயது 49. தரந்தோ பக்கத்திலிருந்து விடியுமுன் பேருந்தேறி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து செய்த வேலை. கொத்தில் உள்ள சின்னப் பழங்களைக் கிள்ளியெடுத்து, மீதிப் பழங்கள் ஒரே அளவில் பருத்து அழகாக இருக்கும்படி செய்வதுதான் அந்த வேலை. நாளுக்குச் சுமார் 27 யூரோ கூலி என்று செய்திகள் எழுதின. அங்கே வேலைக்கு ஆள் பிடித்துத் தருபவனைக் கப்பொராலே என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியைத் தெரிந்தவர்கள் நாம். அந்தச் சாவு எழுப்பிய கோபத்தின் தொடர்ச்சியாக, ஆள்பிடிப்பவனோடு முதலாளியையும் தண்டிக்கும் 199ஆம் எண் சட்டம் 2016இல் வந்தது.

தோழியின் அட்டவணையில் மாலை 5 மணிக்கு ‘தோட்டத்துப் பழங்கள்’ என்று இருந்தது. பவோலா கிளெமென்தேக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அங்கே ஓய்வெடுக்கப் போகிறவள். அவர் அங்கே வேலை செய்து இறந்தவர்.

இவ்வளவையும் ஒரு நாள் இரவு அவளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். காலையில் அவள் அழைத்தாள். குரலில் கோபம்.

“கர்ப்பப்பைய எடுத்த ஆறாவது வாரம் ஆபீஸ் போனவடி நான். எங்கம்மா சாகுற வரைக்கும் ஒரு நாள் உக்காந்து சாப்பிட்டதில்ல. அவங்க மாதிரி சாகக் கூடாதுன்னுதான் இந்த ஏழு நாளக் கேக்குறேன். அதுக்கும் நான் பாவமன்னிப்பு கேட்டுட்டுத்தான் போகணுமா? ஆம்பளைங்க பாங்காக் போறப்போ நீ கட்டுரை எழுதினியா?”

என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டது நியாயம். பெண் உட்கார்ந்தால் குற்றம் கண்டுபிடிக்க ஊரே காத்திருக்கிறது. பெண்ணியவாதியும் அந்த வரிசையில் போய் நிற்பதா? பெண்ணின் ஓய்வை ஆடம்பரம் என்று ஏளனம் செய்யும் விமர்சனத்தை நான் எழுத விரும்பவில்லை. அப்படி எழுதுகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் வேறொருத்தி காப்பி கலந்துகொண்டிருப்பாள்.

அப்படிச் சொல்ல எனக்கும் யோக்கியதை குறைவுதான். முனைவர் பட்ட ஆய்வேட்டை நான் எழுதிய மூன்றாண்டுகளும் என் பிள்ளைக்குச் சோறூட்டியவள் அம்மா. இரவு பத்து மணிக்கு மேல் பெண்மொழி பற்றி நான் எழுதிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அவள் முட்டிக்குத் தைலம் தேய்க்கும் வாசனை வரும். நன்றியுரையில் அவள் பெயரை எழுதினேன். முட்டியை எழுதவில்லை. என் கவிதைகளில் பாதி, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா வந்த நாட்களில் எழுதியவை. அவர் வராத நாட்களில் கவிதை வந்ததில்லை. அவர் லீவு கேட்டால் என் முகம் போகும் போக்கு எனக்கே தெரியும். ஆக, கொஸ்தான்ஸாவின் அடுப்படிக் கதவைச் சாத்தியது வான் ஆர்னிம் மட்டுமில்லை.

இதிலிருந்து எனக்குத் தெளிந்தது ஒன்று. ஓய்வு தேவையா என்பது கேள்வியே அல்ல. தேவைதான், எல்லாப் பெண்களுக்கும். நாம் படித்த கதைகளும் பார்க்கும் விளம்பரங்களும், ஒரு பெண் ஓய்வெடுத்தால் அவள் இறக்கி வைத்த வேலை ஆவியாகிவிடுவதைப் போலக் காட்டுகின்றன. அது எங்கும் போவதில்லை. இன்னொருத்தியின் தலைக்கு மாறுகிறது. ஓய்வைத் திட்டமிடுவது என்பது அந்த மாற்றத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதுதான். அதை மறைத்தால் ஓய்வு, பணமுள்ள பெண் பணமில்லாத பெண்ணிடமிருந்து வாங்கும் பண்டமாகிவிடும். வெளியே எழுதினால் குறைந்தது கூலியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பேச முடியும்.

இரண்டு நாள் கழித்து அவள் அட்டவணையைத் திறந்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கட்டங்களைச் சேர்த்தேன். இதைச் செய்வது யார்? அவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார்? அவருக்கு விடுமுறை எந்த நாள்? திருப்பி அனுப்பும்போது, “திட்டறதுன்னா திட்டு, ஆனா இதக் கேட்டுப் பாரு” என்று மட்டும் எழுதினேன்.

ஒரு வாரம் பதிலில்லை. பிறகு கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. பண்ணை உரிமையாளரிடம் கேட்டிருக்கிறாள். சமைப்பவர் பக்கத்து ஊரிலிருந்து விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறார். அறைகளைத் துப்புரவு செய்பவர் ருமேனியாவிலிருந்து வந்தவர், பிள்ளைகள் அங்கேயே பாட்டியிடம். விருந்தினர் வரும் மாதங்களில் இருவருக்கும் வாராந்திர விடுமுறை கிடையாது. கடைசிக் கட்டத்துக்கு எதிரே தோழி சிவப்பில் எழுதியிருந்தாள்: “புதன் லீவு. அன்னிக்குக் கூலி உண்டுன்னு எழுதி வாங்கிட்டேன். சமையல் நாம.”

இது புரட்சியல்ல. ஒரு வாரத்தின் ஒரு புதன்கிழமை. நாங்கள் போன பின் வரும் குழு அந்தக் கட்டத்தை அழித்துவிடலாம். ஆனால் நான் படித்த கதைகளில் எந்த விருந்தாளியும் கேட்காத மூன்று கேள்விகளை அவள் கேட்டிருக்கிறாள், பதிலையும் வாங்கியிருக்கிறாள்.

என் ஒரு பக்கத்தையும் எழுதி முடித்துவிட்டேன். ஆலிவ் தோப்பும் வானமும் அதில் இருக்கின்றன. காலையுணவு எத்தனை மணிக்கு யாரால் வருகிறது என்பதும் இருக்கிறது. “கொஞ்சம் கறாரா இருக்குடி” என்றாள் தோழி. ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியச் சமையல் என் முறை. புளியும் பெருங்காயமும் எடுத்துவைத்திருக்கிறேன்.